வயலினைப் பூட்டி வைத்தால் மட்டும் போதுமா?

இத்தாலியில், ஜெனோவாவின் துர்சி மாளிகையில் வயலின் மேதை நிக்கோலோ பாகனினியின் உடைமைகளுக்கென்று தனி இடம் உண்டு. எல்லாரும் தேடிப் போவது 'கன்னோனே' வயலினைத்தான். 1743இல் கிரெமோனாவில் குவர்னேரி டெல் ஜேசு என்ற வயலின் தச்சர் செய்தது. அதன் முழக்கத்துக்காகப் பீரங்கி என்று பேர் வைத்தவர் பாகனினியே. உயிலில் பிறந்த ஊருக்கே எழுதியும் வைத்தார். தாடையைத் தாங்கும் சின் ரெஸ்ட் இல்லாமல் வாசித்த மனிதர். தாடை உரசி வார்னிஷ் தேய்ந்த இடத்தை மெருகு போட்டு மறைக்காமல் விட்டிருக்கிறார்கள். என்னைக் கேட்டால், அங்கே பார்க்க வேண்டியது அதைத்தான்.

இதுபோன்ற சின்ன அருங்காட்சியகங்களில் திருடனைவிட, கையில் துணியும் பாலிஷுமாக வரும் நல்லெண்ணக்காரரிடம்தான் எனக்குப் பயம். வில்லின் முடியில் தேய்க்கும் பிசினான ரோசினின் கறையை ஸ்பிரிட் வைத்துத் துடைத்தால் வார்னிஷும் கரைந்து வந்துவிடும். உலர்ந்த மென்தூரிகை போதும், அதுவும் படம் எடுத்து வைத்த பிறகு.

அடுத்த எதிரி கண்ணாடிப் பெட்டிக்குள் எரியும் விளக்கு. 20 டிகிரியில் 50 சதவீத ஈரப்பதம் உள்ள காற்று, அப்படியே 25 டிகிரிக்குச் சூடானால் ஈரப்பதம் சுமார் 37க்கு இறங்கிவிடும். வயலினின் மேல்பலகை குறுக்குவாட்டில் சுருங்கப் பார்க்கும். சுற்றிலும் ஒட்டியிருப்பதால் முடியாது. வச்சிரப் பசை (விலங்குத் தோலைக் காய்ச்சி எடுப்பது) போட்ட விளிம்பு முதலில் விட்டுக்கொடுத்தால் அதிர்ஷ்டம். அதற்காகத்தான் அந்தப் பசையை வலுக் குறைவாகக் காய்ச்சுகிறார்கள். பிளந்த விளிம்பில் யாராவது வெள்ளைப் பசையைத் தடவி வைத்திருந்தால், அடுத்த முறை பலகையே வெடிக்கும். விளக்கைப் பெட்டிக்கு வெளியே வையுங்கள். ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் மணிகளை 50 சதவீத ஈரப்பதத்துக்குப் பழக்கிய பிறகே உள்ளே வைக்க வேண்டும். வறுத்து உலர்த்தியதை அப்படியே வைத்தால் அது மரத்தின் ஈரத்தையும் உறிஞ்சிவிடும்.

தந்திகளை மொத்தமாகக் கழற்றாதீர்கள், உள்ளே நிற்கும் சின்ன மரக்குச்சியான சவுண்ட் போஸ்ட் சாய்ந்துவிடும். ஒரு சுரம் இறக்கி வைத்தால் போதும். வில்லின் முடியை மட்டும் நன்றாகத் தளர்த்த வேண்டும். முறுக்கியபடியே விட்டால் கம்பின் வளைவு போய்விடும். முடி திடீரென்று கொத்தாக உதிர்ந்தால், முடியைத் தின்னும் வண்டுப்புழு வந்திருக்கிறது. இருட்டான வெல்வெட் பெட்டிதான் அதற்கு வீடு. வெறும் துணியாக இருந்தால் காற்றுப்புகாத பையில் கட்டி, மைனஸ் 30 டிகிரியில் மூன்று நாள் வைக்கலாம். வயலினை ஒருபோதும் அப்படிச் செய்யக் கூடாது.

பட்டு அங்கி, கடிதங்கள், மை எழுத்து: 50 லக்ஸுக்கு (வெளிச்சத்தின் அளவு) மேல் வெளிச்சம் வேண்டாம். மூன்று மாதம் காட்டிவிட்டு அசலை எடுத்து நகலை வையுங்கள், நகல் என்று எழுதியும் வையுங்கள்.

வாசிக்கலாமா கூடாதா என்ற சண்டை ஓயவே ஓயாது. ஜெனோவாவில் 'கன்னோனே'யை அவ்வப்போது வாசிக்கக் கொடுக்கிறார்கள், பாகனினி போட்டியில் வென்றவர்களுக்கும். வாசிப்பவரின் கைக்குப் போகுமுன்னும் திரும்பி வந்தபின்னும் பார்த்துச் சொல்லத் தேர்ந்த வயலின் பணிக்காரர் இருந்தால் கொடுங்கள். இல்லையென்றால் பெட்டியைத் திறக்காதீர்கள்.