காது கொடுத்துக் கேட்டால் போதுமா?

வியாசர்பாடியில் எங்கள் பழைய குடியிருப்பை இடித்துக் கட்டியபின், வீடு ஒதுக்கக் குலுக்கல் நடந்தது. எவர்சில்வர் குடத்திலிருந்து ஒரு சிறுமி சீட்டை எடுத்து, எல்லோரும் பார்க்கப் பிரித்துக் காட்டினாள். முட்டிவலிக்காரரான என் அம்மாவுக்கு மூன்றாம் மாடி விழுந்தது. முகம் வாடினாலும், "என் கண்ணெதிர எடுத்தது, யாரை என்ன சொல்றது?" என்று சாவியை வாங்கிக்கொண்டார். அதே அம்மா, மழை நிவாரணப் பட்டியலில் தன் பெயர் ஏன் இல்லை என்று ஓர் அலுவலகத்தில் கேட்டபோது, அங்கிருந்தவர் தலை நிமிராமலே "லிஸ்ட்ல இல்லம்மா, போங்க" என்றதை இன்றுவரை மறக்கவில்லை. பிறகு பணம் வந்தது, கோபம் போகவில்லை.

தனக்கு என்ன கிடைத்தது என்பதை மட்டும் வைத்து மனிதர்கள் நியாயத்தை எடைபோடுவதில்லை, முடிவெடுத்த விதத்தையும் தங்கள் தரப்பைச் சொல்ல இடம் கிடைத்ததா என்பதையும் பார்க்கிறார்கள் என்று அமெரிக்க உளவியலாளர் ஜான் திபோவும் சட்டப் பேராசிரியர் லாரன்ஸ் வாக்கரும் 1975ஆம் ஆண்டிலேயே எழுதினார்கள். 1990இல் ஆலன் லிண்டும் உடன் பணியாற்றியோரும் நடத்திய சோதனை இன்னும் ஒரு படி மேலே போனது. முடிவெடுத்தபின் ஒப்புக்குக் கருத்துக் கேட்டால்கூட, கேட்காமலே விட்டதைவிட அது நியாயமாகப் படுகிறது. முன்கூட்டியே கேட்டால் இன்னும் நியாயமாகப் படுகிறது.

இந்தக் கண்டுபிடிப்பு எனக்கு அச்சம் தருகிறது. கேட்கப்பட வேண்டும் என்ற ஏக்கம் அவ்வளவு ஆழமானது என்றால், அதை வைத்தே ஏழைகளின் வாயை அடைத்துவிடலாம் அல்லவா? எண்ணூர்ப் பக்கம் தொழில் திட்டங்களுக்குச் சுற்றுச்சூழல் அனுமதி தருமுன் நடக்கும் கருத்துக் கேட்புக் கூட்டங்களை நினைத்துத்தான் இதைச் சொல்கிறேன். ஆற்றில் இறால் அற்றுப்போனதை ஒரு மீனவப் பெண் மைக்கைப் பிடித்துத் தொண்டை கட்டும்வரை பேசுவார். மேடையில் ஒருவர் குறித்துக்கொள்வார். வீடு திரும்பும்போது, சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டோம் என்று மனம் சற்று ஆறும். அந்த ஆறுதல் பொய்யல்ல, ஆனால் அது பதிலும் அல்ல.

2006ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின்படி, மக்கள் சொன்னவற்றின் சுருக்கத்தைக் கூட்ட முடிவில் அவர்கள் மொழியிலேயே வாசித்துக் காட்ட வேண்டும். நான் கேட்பது அதற்கு அடுத்த படி: இறுதி முடிவு வந்தபின், அந்தப் பெண் சொன்னதில் எதை ஏற்றார்கள், எதைத் தள்ளினார்கள், ஏன் தள்ளினார்கள் என்பதைத் தமிழில் எழுதி, அவர் குப்பத்திலேயே ஒட்ட வேண்டும்.