ஒகேனக்கல்லில் ட்ரவுட் இல்லை; சொல்லப்பட்ட திசையும் சரியன்று

"ஒகேனக்கல் பாறை இடுக்குகளில் ட்ரவுட் மீன் உண்டு, மேலிருந்து நீரோட்டத்தோடு இறங்கிச் செயற்கை ஈயை (பூச்சி போலச் செய்த தூண்டில் இரையை) வீசினால் கிடைக்கும்" என்று ஒரு பதிவில் எழுதப்பட்டிருப்பதில் இரண்டு செய்திகளும் தவறானவை. ட்ரவுட் குளிர்நீர் மீன். நீர் 20 டிகிரி செல்சியசைத் தாண்டினாலே சோர்ந்துபோகும் அதற்கு நம் தருமபுரி வெயிலில் காயும் காவிரியில் வாழ்வில்லை. வெளிநாட்டிலிருந்து கொண்டுவரப்பட்ட அம்மீனுக்கு 1907இல் பொரிப்பகம் அமைந்த இடம் நீலகிரியின் அவலாஞ்சி.

ஓடையில் ட்ரவுட் நீர் வரும் திசையை நோக்கியே நிற்கும் என்பதால், மேலிருந்து இறங்குபவரை அது முதலிலேயே கண்டு ஒளிந்துகொள்ளும். ஆகவே கீழிருந்து, அதன் பின்புறமாக, தண்ணீரைக் கலக்காமல் அணுகுவதே பொதுவான முறை. கிளைகள் கவிந்து பின்னால் தூண்டில் கோலைச் சுழற்ற இடமில்லாதபோது, ஈயின் கொக்கியை விரல்களால் கவனமாகப் பிடித்து, கோலை வில்லாக வளைத்து, அம்பு விடுவதுபோல் விட வேண்டும். கீழிருந்து நெருங்கவே முடியாத இடத்தில் மட்டும், தூண்டில் நரம்பைத் தளர்வாக விட்டு, ஈ இழுபடாமல் நீரின் வேகத்திலேயே மிதந்து செல்லும்படி மேலிருந்து அனுப்பலாம்.

இல்லாத மீனுக்காக ஒகேனக்கல்லின் வழுக்குப் பாறைகளில் யாரும் இறங்கிவிடக் கூடாதே என்ற கவலையில்தான் இதை எழுதுகிறேன். அப்பதிவைத் திருத்திவிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.