மின்தடைக்கும் சாவியில்லாப் பூட்டுக்கும் தொடர்பில்லை

"மின்சாரமோ இணையமோ நின்றுவிட்டால் சாவியில்லாப் பூட்டு திறக்காது, வாசலிலேயே நிற்க வேண்டியதுதான்" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். எண்ணை அழுத்தியோ கைபேசியாலோ திறக்கும் இந்தப் பூட்டுகளைப் பற்றி அப்படிச் சொல்வது தவறு. புதுவீட்டுக்குப் பூட்டு தேடும் யாரும் இதை நம்பி முடிவெடுத்துவிடக் கூடாது.

வீட்டுக் கதவுக்கான இத்தகைய பூட்டுகளில் பெரும்பாலானவை பேட்டரியில் இயங்குபவை. பல மாடல்களில் நான்கு ஏஏ பேட்டரிகள். எண் குறியீடு பூட்டுக்குள்ளேயே பதிவாகியிருப்பதால் வைஃபை இல்லாவிட்டாலும் எண்ணை அழுத்தினால் திறந்துவிடும். தொலைவிலிருந்து கைபேசியில் திறப்பதற்குத்தான் இணையம் வேண்டும்.

பேட்டரி தீர்ந்தால் என்ன செய்வது? அது நியாயமான கேள்வி. தீர்வதற்கு முன்பே பூட்டு ஒலியாலோ விளக்காலோ எச்சரிக்கும். அதையும் கவனிக்கத் தவறினால் என்று வைத்துக்கொள்வோம். எங்கள் வீட்டுப் பூட்டில் எண்பலகைக்கு அடியில் இரண்டு சிறு உலோக முனைகள் உள்ளன. 9 வோல்ட் பேட்டரியை அவற்றில் அழுத்திப் பிடித்தபடி எண்ணை இட்டால், மோட்டார் முனகிக்கொண்டே தாழ் விலகுகிறது. சில மாடல்களில் யுஎஸ்பி இணைப்பும், சிலவற்றில் சாதாரணச் சாவித் துளையும் உண்டு. இப்படி எந்த மாற்றுவழியும் இல்லாத பூட்டைத் தயவுசெய்து வாங்காதீர்கள்.

அவர் சொன்னது, வாசலில் நிற்பவரின் படத்தை வைஃபை வழியே கைபேசிக்கு அனுப்பும் வீடியோ அழைப்புமணிக்கு ஓரளவு பொருந்தும். வீட்டில் வைஃபை தரும் ரௌட்டர் அணைந்தால், வெளியே இருக்கும் உங்கள் கைபேசிக்குப் படம் வராது. அதனால் வாங்குவதற்கு முன், கதவைச் சாத்திவிட்டு, மணி பொருத்தப்போகும் இடத்தில் நின்று வைஃபை எவ்வளவு எட்டுகிறது என்று பாருங்கள்.