தோற்ற அணிக்காகக் கொஞ்சம் பேசுகிறேன்

சிகாகோ பல்கலைக்கழகம் என்றால் நமக்கு விஞ்ஞானி சந்திரசேகர் ஞாபகம் வரும், கவிஞர் ஏ.கே. ராமானுஜன் ஞாபகம் வரும். ஒரு காலத்தில் அமெரிக்கக் கல்லூரி ஃபுட்பாலையே ஆட்டிப்படைத்த அணி அங்கே இருந்தது என்பது பலருக்குத் தெரியாது. (நம்ம ஊர்க் கால்பந்து இல்லை, முட்டை வடிவப் பந்தைக் கையில் தூக்கிக்கொண்டு ஓடுவார்களே, அது.)

1892-ல் பல்கலைக்கழகம் திறந்தபோதே, முதல் தலைவர் வில்லியம் ரெய்னி ஹார்ப்பர், அமோஸ் அலோன்சோ ஸ்டாக்கைப் பயிற்சியாளராகக் கொண்டுவந்துவிட்டார். ஸ்டாக் 1932 வரை இருந்தார். பெரிய பல்கலைக்கழகங்கள் சேர்ந்த பிக் டென் லீகில் 7 பட்டங்கள். அதில் 1905-ஆம் ஆண்டு ஆட்டம் ஒன்றே போதும். எதிரே மிச்சிகன், அதற்கு முன் 56 ஆட்டங்களில் தோல்வியே காணாத அணி. சிகாகோவின் வால்டர் எக்கர்சால் உதைத்த பந்து மிச்சிகனின் கோல் கோட்டுக்குப் பின்னால் போய் விழுகிறது. அதை எடுத்துக்கொண்டு மிச்சிகன் வீரர் கிளார்க் வெளியே ஓடிவரப் பார்க்கிறார். சிகாகோ ஆட்கள் பாய்ந்து, அவரைக் கோட்டுக்குப் பின்னாலேயே தள்ளிக்கொண்டு போய் வீழ்த்துகிறார்கள். அதற்கு 2 புள்ளி. ஆட்டம் 2-0. அவ்வளவுதான், கதை முடிந்தது.

அந்தப் பொற்காலத்தை நினைத்து ஏங்குகிறவர்கள் ஒன்றை மறந்துவிடுகிறார்கள். எக்கர்சால் கடைசிவரை பட்டம் வாங்கவில்லை. ஆட்டத்துக்காக ஆள் பிடிப்பது, படிப்பைக் கண்டும் காணாமல் விடுவது எல்லாம் அப்போதே இருந்தது.

அதற்கு நேர் எதிர், பிற்பாடு சிகாகோவுக்கு ஆடிய ஜே பெர்வாங்கர். 1935-ல், சிறந்த கல்லூரி வீரருக்கான, பின்னாளில் ஹைஸ்மன் கோப்பை என்று பெயர் பெற்ற விருதை முதன்முதலில் வாங்கியவர். அடுத்த ஆண்டு தொழில்முறை லீக் நடத்திய முதல் வீரர் தேர்விலும் முதல் பெயர் அவருடையதுதான். ஆனால் சம்பளம் ஒத்துவரவில்லை என்று தொழில்முறையில் ஒரு ஆட்டம்கூட ஆடாமல் வேறு வேலைக்குப் போய்விட்டார்.

அப்புறம் வந்தது 1939. தலைவர் ராபர்ட் மேனார்ட் ஹட்சின்ஸ். அவர் மேல் எனக்குப் பெரிய மரியாதை உண்டு. நிறத்தைக் காரணம் காட்டி சந்திரசேகர் வளாகத்தில் வகுப்பெடுப்பதற்கு எதிர்ப்பு வந்தபோது, தாராளமாக எடுக்கட்டும் என்று உறுதியாக நின்றவர். ஃபுட்பாலில் காசு புகுந்து படிப்பைக் கெடுக்கிறது என்று அவர் சொன்னதும் உண்மைதான். ஆனால் அந்த ஆண்டு ஆட்ட முடிவுகளைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு மனசு ஆறுவதில்லை.

ஹார்வர்டிடம் 0-61. அடுத்த வாரம் மிச்சிகனிடம் 0-85. அதற்கடுத்த ஆட்டத்தில் வர்ஜீனியாவிடம் 0-47. ஒரு சனிக்கிழமை 61 புள்ளி வாங்கிவிட்டு, திங்கட்கிழமை வகுப்பில் உட்கார்ந்து, மறு சனிக்கிழமை மறுபடியும் களத்தில் இறங்கிய பையன்கள் அவர்கள். பிற்பாடு ஒஹாயோ ஸ்டேட்டிடம் 61, இல்லினாயிடம் 46. அதே பருவத்தில் சிறிய கல்லூரிகளோடு ஆடியதையும் பாருங்கள்: வாபாஷை 2-0 என்று வென்றார்கள், ஓபர்லினை 25-0 என்று வென்றார்கள், பெலாய்ட்டிடம் தோற்றதும் வெறும் 6 புள்ளியில்தான்.

இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்? அணி மோசமில்லை. தனக்குச் சமமில்லாதவர்களோடு மோதவிடப்பட்டது. பிக் டென்னை விட்டு விலகி, ஓபர்லின் மாதிரிக் கல்லூரிகளோடு ஆடியிருக்கலாம். அதற்குப் பதில் அந்த டிசம்பரில் ஃபுட்பாலையே ஊற்றி மூடினார்கள்.

மூன்றே ஆண்டில், 1942 டிசம்பர் 2 அன்று, காலியாகக் கிடந்த ஸ்டாக் மைதானத்தின் மேற்குப் பார்வையாளர் மாடத்துக்கு அடியில் இயற்பியல் விஞ்ஞானி ஃபெர்மியின் குழுவினர் உலகின் முதல் செயற்கை அணு உலையை இயக்கிக் காட்டினார்கள். அந்த மைதானம் இருந்த இடத்தில் இன்று பெரிய நூலகம் நிற்கிறது. ஃபுட்பாலை விட்டதால்தான் அறிவு வளர்ந்தது என்று இதை வைத்துச் சிலர் பேசுவதை என்னால் ஏற்க முடியவில்லை. சந்திரசேகர் அங்கே சேர்ந்தது 1937-ல், அணி இருந்தபோதே.

பெரிய லீகை விட்டுவிட்டுச் சமமானவர்களோடு ஆடியிருக்கலாம் என்றேனே, கடைசியில் நடந்ததும் அதுதான். 1969-ல் பல்கலைக்கழக அணி திரும்பி வந்தது. இப்போது விளையாட்டு உதவித்தொகையே இல்லாத மூன்றாம் பிரிவில் ஆடுகிறார்கள். 1939-லேயே செய்திருக்க வேண்டியதைச் செய்ய 30 ஆண்டு ஆனது. பெர்வாங்கரின் கோப்பை அங்கே விளையாட்டு மையத்தில் இருக்கிறது. அதன் பக்கத்தில் 1939 அணியின் படம் ஒன்றும் இருக்க வேண்டும் என்பது என் ஆசை.