மனித முகத்தோடு பிறந்த சுறாக் குட்டியா?

"மனித முகத்தோடு சுறாக் குட்டி பிடிபட்டது, கடலில் கலந்த ரசாயனமே காரணம், மீன் வாங்காதீர்கள்" என்று ஒரு படம் வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. எனக்கே மூன்று குழுக்களில் வந்துவிட்டது.

படத்தில் இருப்பது சுறா இல்லை, உழுவை. பழந்தமிழில் உழுவை என்றால் புலி. இது பாவம், மணலில் படுத்து நண்டும் இறாலும் தின்னும் மீன். திருக்கை இனத்துக்குச் சொந்தம். பின்பாதியில் சுறா மாதிரியே வாலும் இரண்டு முதுகுத் துடுப்புகளும் இருப்பதால் பலரும் ஏமாறுகிறார்கள்.

அப்புறம் அந்த முகம்? மீனை மல்லாக்கப் போட்டுப் படம் எடுத்திருக்கிறார்கள். கண்கள் என்று நாம் நினைப்பவை மூக்குத் துளைகள். அதற்குக் கீழே வாய். அசல் கண்கள் தலையின் மேல்பக்கம் இருக்கின்றன. எல்லா உழுவைக்கும் இப்படித்தான். ரசாயனத்துக்கு இதில் வேலையே இல்லை.

அடுத்த முறை செவுள் பிளவுகளைப் பாருங்கள். தலையின் பக்கவாட்டில் இருந்தால் சுறா. வயிற்றுப்பக்கம், வாய்க்குப் பின்னால் ஐந்தைந்தாக இருந்தால் திருக்கை, உழுவை வகை. வேளா மீனுக்கு ரம்பம் போல் மூக்கு நீண்டிருந்தாலும் செவுள் கீழேதான், அதுவும் சுறா இல்லை.

சந்தேகம் இருந்தால் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தின் இணையதளத்தில் பாருங்கள், மீன்களை அடையாளம் காணும் வெளியீடுகள் இருக்கின்றன. மீன் இறங்குதளத்தில் யாரிடமாவது படத்தைக் காட்டினாலும் போதும், பெயரைச் சட்டென்று சொல்லிவிடுவார்கள். அந்தப் படத்தைத் தயவுசெய்து இனி யாருக்கும் அனுப்ப வேண்டாம். அனுப்பிய குழுவில் இந்த விளக்கத்தைப் போட்டுவிடுங்கள்.