முஃதஸிலா என்று ஏசியவருக்கு

போன வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பிறகு நடந்ததை உங்களில் பலர் நேரில் பார்த்தீர்கள். மற்றவர்களுக்கு வாட்ஸ்அப்பில் வந்திருக்கும். நான் கத்தவில்லை. ஏழைக் குமர்ப் பெண்களுக்குக் கல்யாணம் தள்ளிப்போவது அல்லாஹ்வின் நாட்டம், பொறுமையாக இருங்கள் என்று பயானில் (மார்க்கச் சொற்பொழிவில்) சொன்னார்கள். கைக்கூலி (வரதட்சணை) கேட்பது நாம், பழி மட்டும் அல்லாஹ் மீதா என்று கேட்டேன். அவ்வளவுதான். பதில் வரவில்லை. பின்வரிசையிலிருந்து ‘முஃதஸிலா’ என்று ஒரு குரல் வந்தது. கூடவே சிரிப்பும்.

ஏசியவருக்கு அந்தச் சொல்லின் கதையாவது தெரிந்திருக்கலாம். மார்க்கத்தில் அறிவுக்கு முதலிடம் கொடுத்த பழைய கொள்கைப் பிரிவினர் முஃதஸிலாக்கள். 8-ஆம் நூற்றாண்டு பஸ்ராவில் ஹசன் பஸ்ரியின் சபையை விட்டு வாஸில் இப்னு அதா விலகியதால் வந்த பெயர் என்பார்கள். அவர்கள் தங்களுக்கு வைத்துக்கொண்ட பெயர் வேறு: நீதிக்கும் ஏகத்துவத்துக்கும் உரியவர்கள். அல்லாஹ் அநீதி செய்ய மாட்டான், மனிதன் செய்த அநீதிக்கு மனிதனே பொறுப்பு. இதுவா ஏச்சு? குர்ஆனுக்குக் கஷ்ஷாஃப் என்ற விரிவுரை எழுதிய ஸமக்ஷரீ முஃதஸிலாதான். அவருடைய கஷ்ஷாஃபை வைத்துக்கொண்டு, முஃதஸிலாக் கருத்துகளைக் களைந்து எழுதியதுதான் மத்ரஸாக்களில் ஓதிக்கொடுக்கும் பைளாவி விரிவுரை. அதையும் தூக்கிப் போட்டுவிடலாமா?

உடனே மிஹ்னாவைக் கொண்டு வருவீர்கள். குர்ஆன் படைக்கப்பட்டது என்ற முஃதஸிலாக் கருத்தை ஒப்புக்கொள்ளச் சொல்லி 833-இல் கலீஃபா மஃமூன் தொடங்கிய விசாரணை, பிறகு இமாம் அஹ்மத் இப்னு ஹன்பல் வாங்கிய சவுக்கடி. வெட்கக்கேடுதான், மறுக்கவில்லை. ஆனால் கேள்வி கேட்டவனைச் சிரித்தே உட்கார வைத்துவிட்டு அதை எனக்குச் சொல்லித்தராதீர்கள்.

நான் முஃதஸிலா இல்லை. குர்ஆன் படைக்கப்பட்டதா என்ற சண்டையில் எனக்கு ஒரு வேலையும் இல்லை. அறிவு ஆளுக்கு ஆள் மாறும், அதை வைத்து வசனத்தை அளக்கலாமா என்கிறீர்கள். சரி, மாறும். கைக்கூலி விஷயத்தில் மட்டும் எல்லார் அறிவும் எப்படி ஒரே பக்கம் சாய்கிறது? பெண்களுக்கு மஹரை (மாப்பிள்ளை பெண்ணுக்குத் தர வேண்டிய மணக்கொடையை) கொடுங்கள் என்று குர்ஆனில் சூரா நிஸாவின் 4-ஆம் வசனம் சொல்கிறது. அதைப் புரிந்துகொள்ள அரபுக் கல்லூரிக்கா போக வேண்டும்?

குர்ஆனின் யாசீன் சூராவை ஓதாத வீடு நம் ஊரில் உண்டா? 47-ஆம் வசனத்தின் பொருளைப் பாருங்கள். அல்லாஹ் தந்ததிலிருந்து செலவு செய்யுங்கள் என்றால், அல்லாஹ் நாடியிருந்தால் அவனே உணவளித்திருப்பானே, நாங்கள் ஏன் கொடுக்க வேண்டும் என்று கேட்கிறார்கள். கேட்பது யார்? நிராகரித்தவர்கள். அந்தப் பேச்சுக்கும் அன்றைய பயானுக்கும் என்ன வித்தியாசம்? நாம் செய்வதை நாம் செய்தோம் என்று சொல்லுங்கள். அவன் மீது போடாதீர்கள்.

என் லாத்தா (அக்கா) கல்யாணத்துக்கு வாப்பா கடையை விற்றார். அன்றைக்கும் எல்லாரும் நாட்டம் என்றுதான் சொன்னார்கள். விற்ற கடைக்கே கணக்கெழுதப் போனார், மவுத்தாகும் வரைக்கும். வெள்ளிக்கிழமை சிரித்தவர்களில் ஒருவர் அந்தக் கல்யாணத்தில் மாப்பிள்ளை வீட்டுப் பக்கம் உட்கார்ந்து ரொக்கத்தை எண்ணியவர். பெயர் சொல்லவில்லை. அவருக்குத் தெரியும்.

லாத்தா இன்றைக்கும் வியாழன் மஃரிபுக்குப் பிறகு வாப்பாவுக்காக யாசீன் ஓதும். 47 வரும்போது நான் எழுந்து வாசலுக்குப் போய்விடுவேன்.