ஒபாமாகேர் சட்டத்தை ஒரு புரொபசர் எழுதிக் கொடுத்தாரா?

அமெரிக்காவோட ஒபாமாகேர் சட்டத்தை, அதாவது அதிபர் ஒபாமா காலத்துல வந்த மருத்துவ இன்சூரன்ஸ் சட்டத்தை, ஜோனதன் க்ரூபர்ங்கிற பொருளாதார புரொபசர் (அமெரிக்காவுல இருக்கிற எம்.ஐ.டி யுனிவர்சிட்டி) காசு வாங்கிட்டு எழுதிக் கொடுத்தார்னு ஒரு பார்வர்டு சுத்துது. தப்புங்க, தயவுசெஞ்சு அதை ஷேர் பண்ணாதீங்க.

2009ல அமெரிக்க சுகாதாரத் துறை அவரோட காண்ட்ராக்ட் போட்டது உண்மைதான், தொகை கிட்டத்தட்ட 4 லட்சம் டாலர், ஆனா அது சட்டம் எழுத இல்ல, கணக்குப் போட்டுத் தர. இவ்ளோ வருமானம் உள்ள குடும்பத்துக்கு பிரீமியத்துல இவ்ளோ மானியம் கொடுத்தா எத்தனை பேர் இன்சூரன்ஸ் எடுப்பாங்க, கம்பெனிங்க தொழிலாளிக்குக் கொடுக்கிற பாலிசியை நிறுத்திடுமா, அரசுக்கு எவ்ளோ செலவாகும்னு அவரோட கம்ப்யூட்டர் மாடல்ல நம்பரை மாத்தி மாத்திப் போட்டுப் பார்க்கிற வேலை அது. சட்ட வாசகம் தயாரானது அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸோட கமிட்டிங்க கையில. அதிகாரப்பூர்வமா செலவை மதிப்பிட்டது காங்கிரஸோட பட்ஜெட் ஆபீஸ், அவங்க மாடலே தனி. 2014 டிசம்பர்ல கமிட்டி விசாரணையில க்ரூபரே நான் இதோட சிற்பி இல்லைன்னு சொல்லிட்டார்.

அவர் மேல நியாயமான விமர்சனம் ஒண்ணு இருக்கு. இந்தச் சீர்திருத்தத்தை ஆதரிச்சு எழுதினப்பவும் பேசினப்பவும் அரசுகிட்ட காசு வாங்குறதை அவர் பல தடவை சொல்லல, 2010 ஜனவரியில அது பெரிய சர்ச்சையாச்சு. கேள்வி கேட்கணும்னா அதைக் கேளுங்க.